போஸ்டரை எங்கே ஒட்டுறது?

மாலதி: போஸ்டர் போட்டிருக்கேன், பாருங்க. நடைபாதையில ஒரு பொண்ணு போர்வைக்குள்ள சுருண்டு படுத்திருக்கிற படம். மேல 'வீடற்ற பெண்களுக்கு உதவுவோம்'.

சலீம் அண்ணன்: படத்தை மாத்திடும்மா. திறந்த இடத்துல படுக்கப் பயந்துதான் நிறைய பெண்கள் ஒதுங்கிடுறாங்க. பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச், ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால், ராத்திரி ஓடுற பஸ்னு உக்காந்தே விடிய வைப்பாங்க. துணி சுத்தமா இருக்கும், மடியில ஒரு பை. பாக்கிறவங்களுக்கு ஊருக்குப் போறவங்க மாதிரி தெரியும். நடைபாதையில தலை எண்ணுற கணக்குல இவங்க விடுபட்டுப் போறதே இதனாலதான்.

கவிதா: வாசகமும் மாறணும் மாலதி. தங்கச்சி வீட்ல நாலு நாள், தெரிஞ்சவங்க வீட்ல ஒரு வாரம்னு அலையுறவங்க தன்னை 'வீடற்ற பெண்'ணுன்னு நினைக்கவே மாட்டாங்க. ஐரோப்பாவுல வீடற்றவங்களுக்காக வேலை செய்யுற ஃபியான்ட்சா அமைப்பு, வீடில்லாத நிலையை வகை பிரிக்க 2005-ல கொண்டுவந்த ஈத்தோஸ் வகைப்பாட்டுல, அடி உதைக்குப் பயந்துக்கிட்டே ஒரு வீட்ல இருக்கிறவங்களும் இந்தக் கணக்குல வருவாங்க. கேள்வியா எழுது: 'இன்னிக்கு ராத்திரி எங்க தங்குறதுன்னு தெரியலையா? வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா?'

மாலதி: சரிக்கா. பஸ் ஸ்டாண்ட் வாசல்லயே ஒட்டிடலாமா?

தேவி அக்கா: வாசல்ல வேண்டாம். பெண்கள் கழிப்பறைக் கதவோட உள்பக்கம், கண்ணுக்கு நேரா ஒட்டு. கூடவே ஒருத்தன் கண்காணிச்சுக்கிட்டு வந்தா, அவ தனியா இருக்கிற இடம் அது ஒண்ணுதான். அடியில ஒரு விரல் அகலத்துக்குக் கிழிக்கிற மாதிரி சீட்டு வெட்டு. சீட்டுல காப்பகத்தோட போன் நம்பர் மட்டும். 'காப்பகம்'னு எழுதிட்டா, பர்ஸைக் குடைஞ்சு பாக்கிறவன் கையில மாட்டும். விலாசம் எங்கயும் போடக்கூடாது. கியூஆர் கோடை நம்பாதே, போன்ல சார்ஜே இருக்காது.

சலீம் அண்ணன்: அச்சடிக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு ராத்திரி 11 மணிக்கு மேல போன் போட்டுப் பாருங்க. எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவாங்க, அடையாள அட்டை இல்லாம சேப்பாங்களா, பையன் கூட இருந்தா எந்த வயசு வரைக்கும் அனுமதின்னு கேட்டுக்குங்க. கடைசிக் கேள்வி முக்கியம். மகனை வேற இடத்துல விடணும்னு சொன்னா எந்த அம்மாவும் திரும்பி நடந்துடுவா.

கவிதா: அவங்களுக்கு நாம குடுக்கிற பையில என்னென்ன வைக்கணும் தேவிக்கா? நாப்கின் ஒரு பாக்கெட் போதுமா?

தேவி அக்கா: பத்து வச்சா ரெண்டு நாள்தான் வரும். 4–6 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னா ஒரு நாளைக்கு 4–6. அஞ்சு நாளுக்கு 20–30 வை. உள்ளாடை இல்லாம நாப்கின் நிக்காது, அதனால அடர்ந்த நிறத்துல 3, அளவு பாத்து. கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துற மென்ஸ்ட்ருவல் கப் வேண்டாம்: கை கழுவத் தண்ணி, கொதிக்க வைக்க அடுப்பு ரெண்டும் வேணும். உள்ள இருக்கிறது வெளிய தெரியாத பையா இருக்கட்டும்.

இன்னொண்ணு. ராத்திரி கழிப்பறை பூட்டியிருக்கும்னு சாயங்காலமே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவாங்க, சிறுநீரையும் அடக்குவாங்க. நீர்க்கடுப்பு வர அதுவும் ஒரு காரணம். காய்ச்சல், நடுக்கம், விலாவுல வலி சேந்துச்சுன்னா சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி. எந்தக் கழிப்பறை ராத்திரியும் திறந்திருக்கும்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதிப் பையில வைங்க. நாப்கினுக்குச் சமமான உதவி அது.

சலீம் அண்ணன்: பையைக் குடுக்க ரெண்டு ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் கண்டிப்பா பெண். தூங்குறவங்களை எழுப்ப வேண்டாம். முன்பக்கமா வந்து, ரெண்டு கை தூரம் தள்ளி, குந்தி உக்காந்து பேசுங்க. போட்டோ கூடவே கூடாது. அவங்களைத் தேடித் திரியுறவனுக்கு அந்த ஒரு படமே போதும்.

மாலதி: புதுசு அனுப்பிட்டேன். பழைய படத்தை நீக்கியாச்சு, கேள்வி ரெண்டும் பெரிய எழுத்துல, அடியில 12 சீட்டு.

தேவி அக்கா: நல்லா வந்திருக்கு கண்ணு. ஒட்டினதும் முதல் ரெண்டு சீட்டை நீயே கிழிச்சிடு. முழுசா இருந்தா கை வைக்கக் கூசுவாங்க.