அப்டேட்டுக்குப் பிறகு ஹைக்கூ பூட் ஆகவில்லை

அல்சூர்வாசி:
பழைய லேப்டாப்பில் ஹைக்கூ என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது. வெளி ரெப்போ (சாஃப்ட்வேர் பேக்கேஜ்கள் இறக்கும் களஞ்சியம்) ஒன்றிலிருந்து வைஃபை டிரைவர் அப்டேட் ஆன பிறகு, பூட் திரையில் ராக்கெட் ஐகான் வரும் முன்பே கெர்னல் டிபக்கர் திரை (சிஸ்டம் கிராஷ் ஆனால் வரும் எரர் திரை) வந்துவிடுகிறது. டேட்டா போகாமல் மீட்க வழி உண்டா? பெங்களூரில் இதைத் தொடுகிற கடைக்காரர் யாரும் இல்லை.

பைட்டுப்பிரியன்:
ரீஇன்ஸ்டால் பண்ணாதீங்க, தேவையே இல்லை. பவர் ஆன் செய்ததும் பயாஸ் (பழைய பூட் முறை) மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றால் ஸ்பேஸ் பாரை விடாமல் தட்டுங்கள். பூட் மெனு வரும். பூட் வால்யூம் தேர்வுக்குள் போனால் சிஸ்டத்தின் பழைய நிலைகள் தேதி, நேரத்தோடு இருக்கும். அப்டேட்டுக்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்து பூட் செய்யுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகாது. பின்னோக்கிப் போவது சிஸ்டம் பேக்கேஜ்கள் மட்டும்.

சிவாஜிநகர் சிப்:
அண்ணன் சொன்னது அந்த ஒரு பூட்டுக்குத்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி புது நிலைக்கே போகும், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிரந்தரமாக்க: சிஸ்டம் ஃபோல்டரில் பேக்கேஜஸ், அதற்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ். அதில் தேதியிட்ட ஃபோல்டர்களில் பழைய டிரைவரின் ஹெச்பிகேஜி (ஹைக்கூ பேக்கேஜ்) ஃபைல் கிடக்கும். அதைப் பேக்கேஜஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, புதியதை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது.

பைட்டுப்பிரியன்:
ஆமாம். கையோடு ரெப்போசிட்டரீஸ் செட்டிங்கில் அந்த வெளி ரெப்போவை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் அப்டேட்டர் அதே டிரைவரை மறுபடி இறக்கிவிடும். பழைய நிலையும் பூட் ஆகவில்லை என்றால் டிபக்கர் திரையைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். பேனிக் என்று தொடங்கும் வரி முழுதாகத் தெரியணும்.