புள்ளி எழுத்துப் பலகை, புள்ளி எழுத்து பில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
பேருந்தின் நெற்றியில் இருக்கும் எல்இடி பலகை. இரண்டு மாதமாக மனசை அரிக்கிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது. "புள்ளி ஒண்ணுமே தெரியலப்பா." எதிரே நின்ற பேருந்தில் "திணடுககல" என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரை படித்தவர், எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். ண் மேல் புள்ளி இல்லை, க் மேல் இல்லை, ல் மேலும் இல்லை. கண் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டார். நான் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னும் பத்து நாள் ஆகும்மா" என்று சொல்லி, தங்கையோடு அதே வண்டியில் ஏற்றிவிட்டேன். அடுத்த வாரம் அதே வண்டியைப் பார்த்தபோதுதான் பலகையிலேயே புள்ளி இல்லை என்று தெரிந்தது. போனில் சொன்னால் "சமாதானத்துக்குச் சொல்றே" என்கிறார்.

சாலிடர்:
விளக்கு செத்துப்போச்சு என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? எனக்கு எழுத்துரு மேல்தான் சந்தேகம். ஆங்கிலத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 7, மொத்தம் 35 புள்ளி போதும். தமிழுக்கு மேலே ி கொக்கியும் மெய்யெழுத்துப் புள்ளியும் வேண்டும், கீழே ு, ூ வால் இறங்க இடம் வேண்டும். 16 வரிசைப் பலகையில் எழுத்தைப் பெரிதாகக் காட்ட ஆசைப்பட்டால் உச்சி வரிசைதான் வெட்டுப்படும். ஆங்கிலப் பெயர் மாறி வரும்போது கவனியுங்கள். அதிலும் மேல்கோடு இல்லையென்றால் விளக்குக் கோளாறு. முழுதாக இருந்தால் எழுத்தை ஏற்றியவர் தப்பு.

என் கதை சின்னது. கல்லூரி ப்ராஜெக்ட், 16x2 எல்சிடி, அதாவது வரிக்கு 16 எழுத்துக் கட்டமாக இரண்டு வரி காட்டும் சின்னத் திரை. அதை இயக்குவது ஹிட்டாச்சி எச்டி44780 சிப். நாமே வரைந்து வைக்க 8 எழுத்துக்குத்தான் இடம். "வணக்கம்" எழுத உட்கார்ந்தேன். 5 புள்ளி அகலத்தில் ண அடங்கவே இல்லை. ஒரு சுழி குறைந்தால் ன ஆகிவிடும். இரண்டு கட்டம் கொடுத்தேன். ஆனால் அந்தத் திரையில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு வெறும் கோடு உண்டு, அங்கே எதுவும் எரியாது. ண நடுவில் பிளந்து நின்றது. சார் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல போட்டுட்டு வாப்பா" என்றார். நான் மாற்றவில்லை. இன்றும் மாற்றமாட்டேன்.

ஏடு:
ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள், ஓலை கிழியும் என்று. இடம் பார்த்துப் படித்தார்கள். பழகினால் வந்துவிடும்.

மதுரைக்காரன்:
அது படித்தவர்கள் படித்தவர்களுக்கு எழுதியது. என் அம்மா அன்றைக்குத் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளை:
என்னுடையது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மை ரிப்பன் மேல் ஊசிகள் குத்திப் புள்ளி புள்ளியாக எழுத்தை அடிப்பது. அப்பா அடகு நகையை மீட்கப் போனபோது நானும் போயிருந்தேன். ரசீதில் 10,800 என்கிறார்கள், அப்பா பத்தாயிரம்தான் வாங்கினேன் என்கிறார். தாளில் 8-ம் 0-வும் ஒன்றுபோலவே இருந்தன. பிரிண்டர் தலையில் நடு ஊசி ஒன்று அடிக்கவில்லை. 8-இன் இடுப்புக்கோடு போனால் அது 0 தான், இரண்டு பக்கமும் சின்ன இடைவெளியோடு. அப்பா தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். கார்பன் நகலிலும் அதே ஓட்டை. கடைசியில் கீழே ஆங்கிலத்தில் எழுத்தால் அடித்திருந்த தொகையை நான்தான் வாசித்தேன், எண்ணூறு இருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்கள் பார்த்த பார்வை வேறு.

ரிப்பன்:
எங்கள் கடையிலும் ஒருமுறை இப்படி ஆனது, விடுங்கள். பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தின் குறுக்கே வெள்ளைக்கோடு ஒரே உயரத்தில் ஓடினால் ஊசிதான், ரிப்பனை மாற்றிப் பயனில்லை. எல்லாமே மங்கலாக இருந்தால்தான் ரிப்பன். பல மாடல்களில் தாளை நகர்த்தும் லைன் ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்ச் போட்டால் தன்னைத்தானே சோதிக்கும் செல்ஃப் டெஸ்ட் தாள் அடிக்கும், காலையில் கடை திறந்ததும் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். 9 ஊசித் தலையில் ஒன்று போனாலே எண் மாறிவிடலாம். பூஜ்யத்துக்குக் குறுக்குக்கோடு போடும் வசதி இருந்தால் உடனே போட்டுவிடுங்கள், 8-ஓடு குழம்பாது. அச்சடித்த உடனே தலையைத் தொடாதீர்கள், சுடும். ஊசி மாட்டிக்கொண்டால் வீட்டில் கழற்றாதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சூட்டால் எழுத்து வரும் தெர்மல் பில்லுக்கு மாறுகிறேன் என்று யாராவது சொன்னால் அடகு ரசீதுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வெளுத்துப்போகும். ஊசி அடித்த எழுத்து தாளில் பதிந்தே இருக்கும்.

மதுரைக்காரன்:
சாலிடர், நேற்று சாயங்காலம் ஒரு மணி நேரம் காத்திருந்து வண்டியைப் பிடித்தேன். ஆங்கிலத்தில் டிண்டுகல் என்று வரும்போது மேல்கோடெல்லாம் முழுசாக இருக்கிறது. தமிழில் "தி" கொக்கியின் தலை மட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறது. நீங்கள் சொன்னதுதான். விளக்கு ஒன்றுகூடப் பழுதில்லை. கண்டக்டரிடம் காட்டினேன். இத்தனை நாளில் யாரும் சொன்னதில்லை என்றார், டிப்போவில் சொல்வதாகப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார்.

அதே படத்தைத் தங்கைக்கும் அனுப்பினேன். அம்மா பெரிதாக்கி, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாராம். அப்புறம் போனை வாங்கிப் பேசினார்: "அன்னைக்கு நான் சரியாத்தான்டா படிச்சிருக்கேன்."