அசோர்ஸில் பிக்கோ மலை ஏறியவர்கள் உதவுங்கள்

செப்டம்பரில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்குப் போகிறோம். அங்குள்ள பிக்கோ எரிமலை (2,351 மீ.) ஏறுவதுதான் முக்கியத் திட்டம். சுமார் 1,200 மீட்டரில் உள்ள காசா தா மொண்டான்யா என்ற மலையேறுவோர் மையத்தில் பதிவு செய்து, ஜிபிஎஸ் கருவி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், வழியில் தண்ணீர் கிடைக்காது என்பதெல்லாம் தெரியும். பாதை நெடுக எண் போட்ட கம்பங்கள் உண்டு, ஆனால் மேகம் இறங்கினால் அடுத்த கம்பமே கண்ணில் படாதாமே?

என் கவலை இறக்கம்தான். உறைந்த லாவா, அதன்மேல் உருளும் சரளை. நனைந்தால் கால் நிற்காது. கணுக்கால் மூடிய ஷூ அவசியமா, நல்ல பிடிப்புள்ள சாதா ட்ரெய்ல் ஷூ போதுமா?

உச்சிக் கூம்பான பிக்கின்யோ கிட்டத்தட்ட 70 மீட்டர், கையூன்றித்தான் ஏற வேண்டும். ஊன்றுகோல்களை அடியிலேயே வைத்துவிடுவீர்களா? காற்று பலமாக இருந்தால் எரிமலை வாய் விளிம்போடு திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: பக்கத்துத் தீவான சாவ் ஜோர்ஜில் செர்ரா தோ தோப்போவிலிருந்து ஃபஜா தோஸ் கூப்ரெஸ் வரை சுமார் 10 கி.மீ. ஒருவழிப் பாதை. முடிவிடத்தில் டாக்சி கிடைக்குமா, முன்பே பேசி வைக்கணுமா?

ஸ்பாட்அசோர்ஸ் தளத்தின் நேரலை கேமராவைப் பார்த்துக்கொள்கிறேன், எனவே வானிலை பற்றிய பொது அறிவுரை வேண்டாம். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகு ரத்தாகும் என்பதால் ஒரு நாள் உபரியாக வைத்திருக்கிறோம். அது போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.