ஃபைபர் போட்டபின் ஸ்பீக்கரில் இரைச்சல் அடங்கிய கதை

பாட்டில் மெல்லிய இடம் வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், அதன்மேல் லேசான கரகரப்பு. பல மாதம் இந்தத் தொல்லை. ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகித்தேன், ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன், எதுவும் பலிக்கவில்லை. ஒரு ராத்திரி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் வழியாகப் பாட்டை வாங்கித் தரும் ஸ்ட்ரீமர் பெட்டியின் பின்னால் இருந்த கேபிளை உருவிப் பார்த்தேன். அதன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த பகுதி இருந்ததால் பாட்டு நிற்கவில்லை, இரைச்சல் மட்டும் அந்த நொடியே அடங்கிவிட்டது. திரும்பச் செருகினேன், வந்துவிட்டது. அப்போதுதான் திருடன் எந்த வழியாக வருகிறான் என்று புரிந்தது.

அந்தக் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அது நேரடி மின்தொடர்பைத் துண்டித்துவிடும், உண்மைதான். ஆனால் நான் போட்டிருந்தது ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) உள்ள கேபிள், இரண்டு முனையிலும் உலோகத் தலை. ரவுட்டர் பக்கத்து எர்த்தையும் ஆடியோ பக்கத்து எர்த்தையும் அந்த ஷீல்டே சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. அதிக அதிர்வெண் இரைச்சலோ டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களுக்கு இடையே இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸ் (தொடாமலே மின் அதிர்வைக் கடத்தும் தன்மை) வழியாகவே தாண்டி வந்துவிடும்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் ஒளிதான் போகும், மின்சாரம் ஓடாது. அதனால் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர், நடுவில் ஒரு மல்டிமோடு (குறுகிய தூரத்துக்கான வகை) ஃபைபர் போட்டேன். ரீங்காரம் போய்விட்டது. ஆனால் கரகரப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. காரணம் ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வெர்ட்டரின் மலிவான அடாப்டர். ரவுட்டரிலிருந்து வந்த இரைச்சலைத் தடுத்த நான், ஸ்ட்ரீமரின் வாசலிலேயே புதிதாக ஒன்றை வைத்திருக்கிறேன்! அதே வோல்டேஜ் தரும் பேட்டரியில் ஓட்டினேன், சுத்தமான அமைதி. அப்புறம் நல்ல லீனியர் சப்ளை (இரைச்சல் குறைந்த மின் அடாப்டர்) ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

ஃபைபரால் இசையின் தரமே உயரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிட்டுகள் காப்பரிலும் அப்படியேதான் வந்து சேர்கின்றன, பழுதானால் டிசிபி என்ற நெட்வொர்க் விதிமுறை திரும்ப அனுப்பச் சொல்லும். கேபிளை உருவியும் இரைச்சல் அப்படியே இருந்தால் ஃபைபருக்குச் செலவு செய்யாதீர்கள். கேபிள்தான் காரணம் என்றால் முதலில் ஷீல்டு இல்லாத கேபிளைப் போட்டுப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

---

இன்னொருவரின் பதில்: எனக்கும் இதே கதைதான், ஆனால் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் லிங்க் விளக்கே இரண்டு நாள் எரியவில்லை. ஒரு முனையில் 850 நானோமீட்டர் அலைநீள ஒளி அனுப்பும் மாட்யூல், மறுமுனையில் 1310. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். மாற்றியும் எரியவில்லை, பார்த்தால் அனுப்பும் இழையும் பெறும் இழையும் இடம் மாறியிருந்தன. ஒரு முனையில் மட்டும் இரண்டையும் மாற்றிச் செருகியதும் விளக்கு வந்தது. இழையைக் கூர்மையாக மடக்காதீர்கள், வெளிச்சம் வருகிறதா என்று முனையைக் கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.