‘நாட் ஒன்லி’ முதலில் வந்தால் இணை அமைப்பு என்ன ஆகும்?

வணக்கம் நண்பர்களே. மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறேன். ‘ஐதர் – ஆர்’, ‘போத் – அண்ட்’ போன்ற ஜோடி இணைப்புச் சொற்களில் ஓர் இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

இணை அமைப்பின் (இரு பக்கமும் ஒரே வடிவில் இருப்பதன்) அடிப்படை விதி தெளிவு. முதல் சொல்லுக்குப் பின் எந்த வகைச் சொல் வருகிறதோ, இரண்டாவதற்குப் பின்னும் அதே வகைதான் வர வேண்டும். ‘ஷீ நாட் ஒன்லி ப்ளேஸ் த வயலின் பட் ஆல்சோ த ஃப்ளூட்’ என்பதில் ஒரு பக்கம் வினைச்சொல், மறுபக்கம் வெறும் பெயர்ச்சொல். ‘ப்ளேஸ்’ முன்னால் நகர்ந்து, ‘ஷீ ப்ளேஸ் நாட் ஒன்லி த வயலின் பட் ஆல்சோ த ஃப்ளூட்’ என்றானால் சரியாகிவிடும். மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ‘இன் போத் சென்னை அண்ட் மதுரை’, ‘போத் இன் சென்னை அண்ட் இன் மதுரை’ வேறுபாடும் அப்படித்தான்.

சிக்கல் இங்கேதான்: ‘நாட் ஒன்லி டிட் ஹீ கம் லேட், பட் ஹீ ஆல்சோ ஃபர்காட் த கீ.’ முதல் பாதியில் துணைவினையான ‘டிட்’, எழுவாயான ‘ஹீ’க்கு முன்னால் போய்விட்டது. இரண்டாம் பாதி வழக்கமான வரிசையில் நிற்கிறது. போதாக்குறைக்கு ‘பட்’டும் ‘ஆல்சோ’வும் பிரிந்துவிட்டன. ஆனாலும் இது நல்ல ஆங்கிலம்தான். இரண்டு பக்கமும் முழு வாக்கியம் என்பதால் இணை அமைப்பு கெடவில்லை என்று நினைக்கிறேன். ஆனால், ‘வரிசை மாறியிருக்கிறதே, எப்படி ஒன்றாகும்?’ என்று கேட்கும் மாணவருக்கு அது போதவில்லை.

இதை எளிதாக விளக்க உங்களிடம் வழி இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், இந்த ஒரு அமைப்புக்கு மட்டும் பயிற்சி வாக்கியங்கள் இருந்தாலும் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.