அலிவால் ஷோலுக்கும் ஆபீசுக்கும் ஒரே வாட்ச், எதை வாங்கலாம்?

சாட்ஸ்வர்த்_ஐம்பது:

வணக்கம் மக்களே. வரும் ஆகஸ்டில் எனக்கு ஐம்பது முடிகிறது. வேலையில் இருபத்தைந்து வருடம் ஆனதற்கு ஒரு தொகை கைக்கு வந்தது, பாதி வீட்டுக் கடனுக்குப் போய்விட்டது, மீதியில் ஒரு நல்ல டைவ் வாட்ச் வாங்கிக்கொள்ள வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது (அந்தக் காசுக்கு எத்தனை பவுன் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான்).

வருடத்துக்கு இருபது டைவ் போல இங்கே தென்னாப்பிரிக்காவில் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் செய்பவன் நான், ஒரு தடவை குடும்பத்தோடு சோட்வானா கடற்கரை. மற்ற நாளெல்லாம் துறைமுகப் பக்கம் ஆபீஸ், முழுக்கைச் சட்டை, வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிறு கிரிக்கெட். ஆக வாட்ச் நாள் முழுக்கக் கையில் இருக்கும், தண்ணீரில் மாதம் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம்.

கடையில் மூன்றைக் கட்டிப் பார்த்தேன். ரோலெக்ஸ் சப்மரைனர், தேதி இல்லாதது, 41 மில்லிமீட்டர். ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300, அது 42. டூடர் பெலாகோஸ், அதுவும் 42தான், ஆனால் டைட்டானியம் என்பதால் கையில் இருப்பதே தெரியவில்லை. சப்மரைனரைக் கட்டிப் பார்க்கத்தான் கொடுத்தார்கள், வாங்குவதென்றால் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டுமாம். சரி, எழுதிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் நிஜமாகவே கடலுக்குள் கொண்டுபோகிறவர் யாராவது இருக்கிறீர்களா, இல்லை எல்லாரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் 300 மீட்டர் 500 மீட்டர் என்று பேசுகிறோமா? அப்புறம் அந்த ஹீலியம் வால்வு, அது நமக்கு எதற்கு?

*

உம்கோமாஸ்_அண்ணன்:

தம்பி, நான் கொண்டுபோகிறேன். பதினோரு வருடமாக ஒரே சப்மரைனர், பழைய 40 மில்லிமீட்டர் மாடல், ஆற்று முகத்தில் அலையைத் தாண்டி டக்கில் (ரப்பர் படகில்) போகும்போதும் அதுதான் கையில். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தண்ணீருக்குள் உன்னைக் காப்பாற்றப் போவது டைவ் கம்ப்யூட்டர்தான். உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கிறது என்று எந்த ரோலெக்ஸும் சொல்லாது. வாட்ச் இரண்டாவது ஆள், முதல் ஆள் மயங்கி விழுந்தால் வேலைக்கு வருகிறவன்.

எனக்கு ஒரு தடவை வந்திருக்கிறான். புரொடியூஸ் கப்பல் தெரியும் இல்லையா, 1974இல் மொலாசஸ் ஏற்றிக்கொண்டு போய் மூழ்கிய நார்வே கப்பல் (கரும்புக்காட்டுக்காரன் பேரன் என்பதால் எனக்கு அந்தக் கப்பல்மேல் தனிப் பிரியம்), அடி முப்பது மீட்டரை ஒட்டி இருக்கும். இறங்கிய ஏழாவது நிமிடம் கம்ப்யூட்டர் திரை வெள்ளையாகிப் போனது. அந்த ஆழத்தில் நாமெல்லாம் படித்த அட்டவணைப்படி 20 நிமிடம்தான் இருக்கலாம். டக்கிலிருந்து பின்னால் சாய்ந்து விழுவதற்கு முன்பே வாட்ச் முகப்பைச் சுற்றியிருக்கும் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன், அது பழக்கம். அதனால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு பார்வையில் தெரிந்தது. கூட வந்தவனுக்குக் கையைக் காட்டிவிட்டு மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, வெளியே வந்தோம். வாட்ச் செய்த வேலை அவ்வளவுதான், ஆனால் அதை வேறு எதுவும் அன்றைக்குச் செய்திருக்காது. வளையம் ஒரு பக்கம் மட்டும் சுழல்வதும் இதற்குத்தான்: எங்காவது இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

இப்போது உன் மூன்றுக்கு வருகிறேன். ஆழ எண்ணை விட்டுவிடு, நீயும் நானும் நாற்பது மீட்டரைத் தாண்டப் போவதில்லை, மூன்றுமே போதும். பார்க்க வேண்டியது கொக்கி. குளிர்காலத்தில் ராகி சுறா பார்க்க 5 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் சூட் போடுகிறாய், அப்போது உன் மணிக்கட்டுச் சுற்று முப்பது மில்லிமீட்டர் கூடுகிறது, பள்ளிக்கூடத்து 2 பை ஆர்தான். ரோலெக்ஸின் கிளைட்லாக் கொக்கியில் இரண்டிரண்டு மில்லிமீட்டராக இருபது வரைதான் இழுக்கலாம். கோடைக்கு 3 மில்லிமீட்டர் சூட் என்றால் அழகாகப் பொருந்தும், குளிர்காலத்தில் நான் சங்கிலியைக் கழற்றிவிட்டு நைலான் பட்டை போட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, கீழே போகப் போக சூட் அழுத்தத்தில் மெலிந்துவிடும், மேலே இறுக்கமாக இருந்த வாட்ச் முப்பது மீட்டரில் மணிக்கட்டைச் சுற்றி ஆடும். பெலாகோஸ் கொக்கியில் உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, சூட் மெலிந்தால் அதுவே சுருங்கிக்கொள்ளும். அதை யோசித்தவன் கடலில் இறங்கியவன்.

ஒமேகாவில் எனக்குப் பிடிக்காதது அந்த வளையத்தின் விளிம்பு. அலை அலையாக வெட்டியிருப்பார்கள், பார்க்க அழகு, கையுறை போட்டுத் திருப்பினால் வழுக்கும். மற்றபடி நல்ல வாட்ச், அதற்கும் கொக்கியிலேயே நீட்டிக்கொள்ள வசதி உண்டு.

ஹீலியம் வால்வு உனக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். அது கடலடி வேலைக்காரர்கள் நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வாழ்கிறார்களே, அவர்களுக்கு. ஹீலியம் அணு மிகச் சிறியது என்பதால் ரப்பர் வளையம் வழியாக வாட்சுக்குள் புகுந்துவிடும், அப்புறம் அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியே வர வழி தெரியாமல் கண்ணாடியைத் தள்ளிவிடும். அதற்காக ரோலெக்ஸ் 1967இல் ஸீ ட்வெல்லரைக் கொண்டுவந்தது. இரண்டாயிரமாவது வருடம் சோட்வானாவில் 104 மீட்டரில் சீலகாந்த் மீனைப் பார்த்தவர்கள்கூட கலப்பு வாயுவில் இறங்கி அன்றைக்கே ஏறி வந்தவர்கள்தான், அவர்களுக்கே அந்த வால்வு தேவைப்பட்டிருக்காது.

*

சும்மா_சொன்னேன்:

சீக்கோ வாங்குங்க. மிச்சக் காசுக்கு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று, மூச்சுவிட புது ரெகுலேட்டர் ஒன்று, வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு பவுன். சண்டை முடிந்தது.

*

லெனேசியா_அக்கா:

சும்மா சொன்ன தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் ஐம்பது வயதில் ஒரு மனுஷன் தனக்கென்று ஒன்று வாங்குகிறார், விடுங்கள்.

அண்ணா, நீங்கள் தண்ணீருக்குள் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள், நான் ரோட்டில் என்ன ஆகும் என்று கேட்கிறேன். என் மைத்துனர் ஒரு மாலில் காபி குடித்துக்கொண்டிருந்தார், பச்சை வளையம் போட்ட சப்மரைனர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். மாலிலிருந்து வீட்டு கேட் வரை ஒரு கார் பின்னாலேயே வந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை. கேட் திறக்கக் காத்திருந்த அந்தப் பத்து விநாடியில் கண்ணாடியைத் தட்டினார்கள். கையைக் காட்டினார்கள், பேச்சே இல்லை. கழற்றிக் கொடுத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், அது போதும். இப்போது இருபது டாலர் கேசியோ கட்டுகிறார்.

அதனால் அன்றாடம் கட்டுவதற்கு என்று வந்தால் எந்தப் பிராண்ட் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் என்பதும் ஒரு கணக்கு. நான் கட்டுவது டூடர் பிளாக் பே 58, 39 மில்லிமீட்டர், 200 மீட்டர், என் சின்னக் கைக்கு அதுதான் பொருந்தியது, ஸ்லீவுக்குள் நுழைந்துவிடும், வாட்ச் பிரியர்களைத் தவிர யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதை வாங்கினாலும் முதல் நாளே இன்ஷூரன்ஸில் தனிப் பொருளாக எழுதிச் சேர்த்துவிடுங்கள், பில்லும் சீரியல் நம்பரும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வெளியேயும் செல்லுமா, படகிலும் கடலிலும் தொலைந்தால் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். போனில் "ஆமாம் மேடம்" என்பார்கள், அது செல்லாது.

*

ஃபிளிக்_ஆன்_ஃபிளாக்:

மொரீசியஸிலிருந்து ஒரு குரல். இங்கே சூடான தண்ணீர், பாதி வருடம் மெல்லிய சூட்தான், அதனால் கொக்கிப் பிரச்சினை எங்களுக்கு அவ்வளவு இல்லை. என் புலம்பல் வேறு.

எட்டு வருடம் முன்பு நல்ல விலையில் ஒரு சுவிஸ் டைவ் வாட்ச் வாங்கினேன், பெயர் வேண்டாம். அதை ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தேன், உள்ளே எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்கள். மறுவாரம் 18 மீட்டர். ஏறி வந்து பார்த்தால் கண்ணாடிக்குள் ஆறு மணிப் பக்கம் நகக்கண் அளவுக்கு மூட்டம். மறுநாள் காலை நொடி முள்ளின் அடியில் ஒரு துளி, உருண்டையாக, உட்கார்ந்திருந்தது. திறந்து பார்த்தவர் சொன்னார், பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றவே இல்லையாம், முறுக்கிக்கொண்டு கிடந்ததாம். அழுத்தச் சோதனை செய்தீர்களா என்று நான் கேட்கவில்லை, அவர்கள் செய்யவில்லை. தப்பு இரண்டு பக்கமும்.

டைவ் வாட்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தரம் இருக்கிறது, எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும். ஆனால் அது புதிதாகப் பெட்டியிலிருந்து வரும் வாட்சுக்கு. ரப்பர் காய்ந்த பிறகு 300 என்ற எழுத்து வெறும் எழுத்துதான். வருடத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனை, டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வளையத்தை ஒரு சுற்றுத் திருப்புவது, சாவித் திருகை மூடினோமா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பது. சுடுதண்ணீர் ஷவரில் மட்டும் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒமேகாவுக்காக ஒரு வார்த்தை. இருட்டில் அதன் நிமிட முள்ளும் வளையப் புள்ளியும் பச்சையாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் ஒளிரும். குகைக்குள் நுழைந்து கண் பழகும் முன்பே எது நிமிடம் என்று தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே நான் அதை வாங்கியிருப்பேன்.

*

சாட்ஸ்வர்த்_ஐம்பது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா சொன்னதைக் கேட்டு ஒரு வேலை செய்தேன். சனிக்கிழமை 5 மில்லிமீட்டர் சூட்டைப் பக்கி வண்டியில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். மேல் பாதியைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்றேன், காவலுக்கு நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். சப்மரைனர் கொக்கியை முழுக்க இழுத்தும் பூட்டவில்லை. ஒமேகா பூட்டியது, ஆனால் கையுறையோடு வளையத்தைத் திருப்ப மூன்று தடவை பிடிக்க வேண்டியிருந்தது. பெலாகோஸுக்குப் பெட்டியிலேயே ரப்பர் பட்டையும் அதை நீட்டிக்கொள்ள ஒரு துண்டும் வருகிறது, அதைப் போட்டதும் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கும் போட்டேன். வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் வாட்சைக் கழற்றி வைத்தால், ஒமேகா கையில் இல்லாமல் 55 மணி நேரம்தான் ஓடும், திங்கள் விடிவதற்குள் நின்றுவிடும். பெலாகோஸ் 70, திங்கள் காலை கட்டும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஞாயிறு காலை டைவுக்குக் கட்டுவேனே, அப்புறம் இந்தக் கணக்கு எதற்கு என்று மகள் கேட்டாள். பதில் இல்லை.

பெலாகோஸ்தான். இன்ஷூரன்ஸ்காரருக்கு மெயில் போட்டாச்சு அக்கா, எழுத்தில்தான் கேட்டிருக்கிறேன். ரோலெக்ஸ் லிஸ்டில் எழுதிய பெயரை இன்னும் அடிக்கவில்லை, அது இந்தப் பக்கத்தைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டாம்.

*

உம்கோமாஸ்_அண்ணன்:

வாங்கியதும் சொல்லு. சனிக்கிழமை ஆறரைக்கு ஆற்று முகத்தில் டக் புறப்படும். ஏறும்போது அந்தக் கையால் சிலிண்டர் வால்வைப் பிடிக்காதே, உன் புது செராமிக் வளையம் அதில் மோதினால் கீறல் விழாது, தெறித்துப் போகும்.