கேமரா அணைந்த வகுப்பில் யாருக்குப் புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேருக்கு மாலையில் ஜூமில் கணக்கு எடுக்கிறேன். நேர் வகுப்பில் முகத்தைப் பார்த்தே புரியாதவர்களைப் பிடித்துவிடுவேன், இங்கே "புரிந்ததா?" என்றால் "புரிந்தது மிஸ்" என்று இரண்டு குரல்தான் வருகிறது, அப்புறம் வீட்டுப்பாடத்தைத் திறந்தால் வர்க்கப்பூர்த்தி முறையில் (சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டி, ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்ப்பது) பாதிப் பேர் ஒரு பக்கம் மட்டும் கூட்டிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த மனசில்லை, பல பேருக்கு அப்பாவின் போன், அளந்து வைத்த டேட்டா.

போன வாரம் விடையை எனக்கு மட்டும் சாட்டில் அனுப்பச் சொன்னேன், வாயே திறக்காத பெண்தான் முதலில் அனுப்பினாள்! ஜூமின் இலவச அக்கவுண்ட்டில் ஒரு வகுப்புக்கு 40 நிமிடம்தான். அதற்குள் பிள்ளைகளைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் எப்படிக் கவனிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.